‘போட்டோல இருக்கிறது உங்க தம்பியா சார்?’: இரண்டு ஷூட், ஒரே முகம்

சாலிகிராமத்தில் ஒரு பழைய வீடு. கீழே கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். வெப் சீரிஸ் ஒன்றில் ஹெட்மாஸ்டர் வேஷத்துக்கு ஆடிஷன். என் முறை வந்ததும் மாடிக்குப் போனேன். உதவி இயக்குநருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கையிலிருந்த போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

“போட்டோல இருக்கிறது உங்க தம்பியா சார்?”

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். நான்தான் என்றேன். “ஓ… சரி சார், டயலாக் சொல்லுங்க” என்றார். சொன்னேன், நன்றாகத்தான் சொன்னேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன், ஆனால் அந்த அறையில் இருந்த மூன்று பேரும் நான் பேசி முடிக்கிறவரை போட்டோவில் இருந்த அந்த இன்னொரு ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். “சொல்றோம் சார்” என்று அனுப்பிவைத்தார்கள். சொல்லவில்லை.

அந்த போட்டோவுக்கு நான் கொடுத்தது 18,000 ரூபாய். எங்கே தப்பு நடந்தது, அடுத்த தடவை என்ன மாற்றினேன், மாற்றிய பிறகும் எது சொதப்பியது என்று முழுசாக எழுதி வைக்கிறேன். என்னை மாதிரி நாற்பதைத் தாண்டி, கேரக்டர் ரோலுக்கு அலைகிற யாருக்காவது பயன்படலாம்.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கணக்கு எழுதுகிறவன். வயது 44. பதினோரு வருஷமாக சனி, ஞாயிறுகளில் மேடை நாடகம். கருப்பு, நடுத்தர உயரம், முன்நெற்றி கொஞ்சம் ஏறிவிட்டது, இடது புருவத்தில் சின்ன வயசில் கிணற்றடியில் விழுந்த தழும்பு. ஹீரோ ஆசை எந்த வயதிலும் இருந்ததில்லை. தாசில்தார், வாத்தியார், பெண்ணின் அப்பா, ஏட்டு, வட்டிக்கடைக்காரர் என்று இரண்டு சீன் வந்துபோகிற ஆட்கள் எல்லாப் படத்துக்கும் வேண்டும், அதில் ஒருவனாக நான் ஏன் இருக்கக் கூடாது என்பதுதான் என் கணக்கு. ஆபீஸில் இதைச் சொன்ன நாளிலிருந்து ஒரே ஜோக்: விஜய் சேதுபதியும் கூத்துப்பட்டறையில் கணக்காளராகச் சேர்ந்தவர்தானே! ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய அந்த நாடகப் பட்டறைக்குள் கணக்கு நோட்டோடு போய் நடிகராக வெளியே வந்தவர் அவர். உன் முகம் கேமராவுக்கு நன்றாக இருக்கும் என்று பாலு மகேந்திரா சொன்னது தனக்குத் தைரியம் கொடுத்ததாக அவர் பேசியிருக்கிறார். எனக்கு அப்படிச் சொல்ல யாரும் கிடைக்கவில்லை. விசாரித்த இடத்திலெல்லாம் கிடைத்த பதில் இரண்டே வார்த்தை: “போட்டோ அனுப்புங்க.”

வெளிநாட்டில் இதை ஹெட்ஷாட் என்கிறார்கள். அமெரிக்க நடிகர்கள் 8-க்கு 10 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் தங்கள் அனுபவ விவரத்தை ஒட்டிக் கொடுப்பது ரொம்ப நாள் வழக்கம். கோடம்பாக்கத்தில் யாரும் ஹெட்ஷாட் என்று கேட்பதில்லை. “ஒரு க்ளோஸப், ஒரு மிட், ஒரு ஃபுல், மேக்கப் வேண்டாம், ஃபில்டர் வேண்டாம், கூட ஒரு இன்ட்ரோ வீடியோ” என்று வாட்ஸ்அப்பில் வரும். கவனியுங்கள், மேக்கப் வேண்டாம் என்று அவர்களே எழுதித்தான் கேட்கிறார்கள். அதைப் படித்துவிட்டும் நான் என்ன செய்தேன் என்றால், நேராக ஒரு கல்யாண போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனேன்.

இது 2022 செப்டம்பர். ஸ்டுடியோ பெயர் வேண்டாம், அவர்கள் தொழிலில் அவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ‘ஆக்டர் போர்ட்ஃபோலியோ’ என்று தனி பேக்கேஜ் வைத்திருந்தார்கள்: நான்கு டிரஸ், மூன்று மணி நேரம், மேக்கப், எடிட் செய்த 25 படம், ஒரு ஆல்பம். போனதும் முகத்தில் என் நிறத்தைவிட இரண்டு படி வெளுத்த ஃபவுண்டேஷன் அப்பினார்கள். தலைக்கு ஜெல். வாடகைக் கோட். கைகட்டி நிற்கிற போஸ், தாடையில் விரல் வைத்து யோசிக்கிற போஸ், நீலத் திரைக்கு முன்னால் எங்கோ தொலைவில் பார்க்கிற போஸ், கடைசியாக வாசலில் நின்ற யாருடைய புல்லட் மேலோ சாய்ந்து கூலிங் கிளாஸ். எனக்கு புல்லட் ஓட்டவே தெரியாது.

பத்து நாள் கழித்து படம் வந்தது. தழும்பு இல்லை. கண்ணுக்குக் கீழே பை இல்லை. நெற்றி கூட கொஞ்சம் இறங்கியிருந்த மாதிரி இருந்தது. “பிரைட் பண்ணியிருக்கேன் சார், இப்ப பாருங்க எப்படி இருக்கீங்கன்னு” என்றார் எடிட்டர், பெருமையோடு. என் மனைவி ஆல்பத்தைப் புரட்டிவிட்டு “நம்ம கல்யாணத்துல கூட நீங்க இவ்ளோ நல்லா இல்லையே” என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டது என் தப்பு.

அந்தப் படங்களை ஏறக்குறைய ஒரு வருஷத்தில் 63 எண்களுக்கு அனுப்பினேன். கணக்குக்காரன், நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று அழைப்பு வந்தது. ஒன்று, மேலே சொன்ன ஹெட்மாஸ்டர். இரண்டாவது ஒரு விளம்பரம். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் பணக்கார மாமா வேஷம். கோட் போட்ட படத்தைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். வாசலில் என்னைப் பார்த்ததுமே, டயலாக் பேப்பர்கூடக் கொடுக்காமல், காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது அழைப்பு “உங்க போட்டோ டைரக்டருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு” என்று தொடங்கியது, ஆர்ட்டிஸ்ட் கார்டு, பதிவுக் கட்டணம், எங்கள் ஸ்டுடியோவிலேயே புது போர்ட்ஃபோலியோ என்று நீண்டு 25,000 ரூபாயில் வந்து நின்றது. போனை வைத்துவிட்டேன். நடிக்கிறவனுக்குத்தான் காசு வரவேண்டும், நடிக்கிறவனிடமிருந்து காசு போகக் கூடாது. இது தெரியாமல் தாலிக்கொடியை அடகு வைத்தவர்கள் எங்கள் நாடகக் குழுவிலேயே இருக்கிறார்கள்.

வடபழனி டீக்கடையில் ஒரு கேலரி

ஹெட்மாஸ்டர் ஆடிஷன் முடிந்து வெளியே வந்த அன்றைக்கு அங்கே ஆள் சேர்த்துவிட்ட கோஆர்டினேட்டரும் கூடவே இறங்கினார். வடபழனியில் டீ வாங்கிக் கொடுத்தார். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு தன் போனை என்னிடம் நீட்டினார். “இதுல உங்க படம் இருக்கு, கண்டுபிடிங்க பாப்போம்.”

வாட்ஸ்அப்பில் வந்த படங்களெல்லாம் கட்டம் கட்டமாக, ஒவ்வொன்றும் விரல் நகம் அளவு. மேலிருந்து கீழே ஒரு தடவை தள்ளினேன், கிடைக்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை நீலத் திரையை வைத்துக் கண்டுபிடித்தேன், முகத்தை வைத்து இல்லை. என்னைச் சுற்றியிருந்த கட்டங்களில் இன்னும் ஏழெட்டு நீலத் திரை, ஏழெட்டு கைகட்டு. “இதுல யாரு வேணா இருக்கலாம் சார். எனக்கு ஒரு படத்துக்கு ஒரு நொடிகூட கிடையாது. டைரக்டர் ‘வாத்தியார்’னு சொன்னா, வாத்தியார் மாதிரி ஒரு முகம் கட்டத்துக்குள்ள இருந்து என்னைப் பாக்கணும். நீங்க பாக்கவே இல்லையே, எங்கயோ வானத்தைப் பாத்துட்டு நிக்கிறீங்க.”

18,000 ரூபாய் கொடுத்து தெரிந்துகொள்ளாததை ஒரு டீயில் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து அந்த 25 படத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். கல்யாண ஸ்டுடியோக்காரருக்கு வாடிக்கையாளர் யார்? மாப்பிள்ளையும் பெண்ணும். அவர்கள் படத்தை வாங்கி வீட்டில் மாட்டிக்கொள்வார்கள், தங்களைவிட அழகாக இருந்தால் சந்தோஷப்படுவார்கள், அதோடு கதை முடிந்தது. நடிகனின் படம் அப்படி இல்லை. அதைப் பார்க்கப்போகிறவர் வேறு ஒருவர், பார்த்தபிறகு ஆளை நேரில் கூப்பிடப்போகிறார். படத்தைவிட ஆள் ஒரு மாற்றுக் குறைவாக வந்து நின்றால் அவருக்கு ஏமாற்றம், ஏமாந்த மனசோடு உட்கார்ந்திருப்பவர் முன்னால் எவ்வளவு நன்றாக நடித்தாலும் எடுபடாது. ஸ்டுடியோ நான் கேட்டதைத்தான் செய்தது. நான் கேட்டதே தப்பு.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் அது எடிட்டரின் புத்தி மட்டுமல்ல, கேமராவின் புத்தியும் கூட. கேமராவை ஆட்டோவில் விட்டால் எதிரே இருப்பதையெல்லாம் கலந்து ஒரு நடுத்தர சாம்பல் நிறம் வரும்படி வெளிச்சத்தை அது அளந்துகொள்கிறது. பின்னால் வெள்ளைத் திரை இருந்தால் ‘அய்யோ, ரொம்ப வெளிச்சம்’ என்று குறைத்துவிடும், அப்போது கருப்பு முகம் இன்னும் கருத்துப்போய் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். அதைச் சரிசெய்கிறேன் என்று எடிட்டர் முகத்தை மட்டும் தூக்கிவிடுவார், முகம் சாம்பல் பூத்துப்போகும், அந்தச் சாம்பலை மறைக்க மஞ்சள், அப்புறம் வழவழப்பு. ஃபிலிம் காலத்திலும் இதே கதைதான். கலர் பிரிண்ட் போடும் லேப்களில் நிறம் சரிபார்க்க கோடாக் கொடுத்த ‘ஷெர்லி கார்டு’களில் பல வருஷம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. நம்ம ஊர் மூலை ஸ்டுடியோ வரைக்கும் அந்தப் பழக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது என் சந்தேகம். கருப்புத் தோலுக்கு வேண்டியது வெளுப்பு இல்லை. பக்கத்திலிருந்து வரும் பெரிய, மென்மையான வெளிச்சம் வேண்டும், அது தோலின் மேல் வழுக்கிக்கொண்டு போகும்போது கன்னத்திலும் நெற்றியிலும் ஒரு பளபளப்பு விழும், முகத்துக்கு வடிவம் கொடுப்பது அந்தப் பளபளப்புதான்.

மொட்டை மாடி, காலை 6.45

இரண்டாவது ஷூட் 2023 நவம்பரில். எடுத்தவர் ஒரு ஸ்டில் போட்டோகிராபரிடம் உதவியாளராக இருந்த பையன், நாடகம் பார்க்க வந்து பழக்கமானவன். “அண்ணே, 4,500 கொடுங்க, காலைல டிபன் உங்க செலவு” என்றான்.

ஷூட்டுக்கு ஒரு வாரம் முன்னால் எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்தான். என்னைத் தெரியாத இருபது பேரிடம் போய், என்னைப் பார்த்தால் என்ன வேலை செய்கிறவன் மாதிரி இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும். வெட்கமாக இருந்தது. ஷேர் ஆட்டோவில், சலூனில், ரேஷன் கடை வரிசையில் எல்லாம் கேட்டேன். எட்டுப் பேர் வாத்தியார் என்றார்கள். ஐந்து பேர் அரசாங்க ஆபீஸ். மூன்று பேர் எல்.ஐ.சி. ஏஜென்ட். இரண்டு பேர் “ஊர்ல விவசாயம் பாக்கறீங்களா?” ஒருவர் சமையல் கான்ட்ராக்டர் என்றார், ஒருவர் பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டார். ஏட்டு என்று ஒருவர் கூட சொல்லவில்லை. எனக்கு என் மீசை மேல் இருந்த நம்பிக்கை அன்றோடு போனது.

“அப்ப மூணு ஆளு போதும்ணே. வாத்தியார், ஆபீசர், கிராமத்து அப்பா. கோட்டை வீட்லயே விட்டுட்டு வாங்க.” சட்டை விஷயத்திலும் கறாராக இருந்தான். பொடிக் கோடு போட்ட சட்டை கூடாது, கேமராவில் அலை அலையாக நெளியும். தும்பைப்பூ வெள்ளை கூடாது, கண் முகத்துக்குப் போகாமல் சட்டைக்குப் போகும். நாலைந்து தடவை துவைத்து நிறம் அடங்கிய காபிக் கலர் சட்டை, பழைய சாம்பல் நிற அரைக்கை, ஒரு காட்டன் வேட்டி, துண்டு. அவ்வளவுதான். கிராமத்து அப்பாவுக்காக ஐந்து நாள் தாடியோடு வரச்சொன்னான், அந்தப் படங்களை முதலில் எடுத்துவிட்டு மாடியிலேயே மழித்துக்கொள்வது என்று திட்டம்.

விருகம்பாக்கத்தில் அவன் தங்கியிருந்த வீட்டு மொட்டை மாடி. சூரியன் கிழக்கே ஏறிக்கொண்டிருந்தது. மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு சின்ன அறை இருக்குமே, அதன் மேற்குப் பக்க நிழலில் என்னை உட்காரவைத்தான். நேர் வெயில் ஒரு துளி மேலே படவில்லை, முன்னாலும் பக்கத்திலும் திறந்த வானம் மட்டும். அந்த வானம்தான் லைட். இடது பக்கம் ஒரு தெர்மாகோல் ஷீட்டைச் சாய்த்து வைத்தான், வலது பக்கம் கருப்புக் கம்பளி ஒன்றைத் தொங்கவிட்டான். வெளிச்சத்தைக் கூட்டுவது மாதிரியே குறைப்பதும் ஒரு வேலை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கம்பளி வந்ததும் வலது கன்னத்தில் நிழல் விழுந்து முகத்துக்கு ஒரு எலும்பு வந்தது. பின்னால் இரண்டு மீட்டர் தள்ளி, மழையில் சுண்ணாம்பு உரிந்து பாசி பிடித்த சுவர். நீலத் திரைக்குக் கொடுத்த காசை நினைத்துக்கொண்டேன்.

மேக்கப் இல்லை. வியர்வையை ஒற்ற ஒரு கர்ச்சீஃப், சீப்பு, தேங்காய் எண்ணெய் தடவாத தலை.

85 மில்லிமீட்டர் லென்ஸ், என்னிடமிருந்து இரண்டு மீட்டர் தூரம். நானே போனில் எடுத்துப் பார்த்தால் மூக்கு உருளைக்கிழங்கு மாதிரி வருகிறதே, ஏன் என்று கேட்டேன். லென்ஸ் இல்லை, தூரம்தான் காரணம் என்று சொல்லி, கணக்குக்காரன் என்பதால் எனக்குக் கணக்காகவே விளக்கினான். மூக்கு நுனி காதைவிட சுமார் 12 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்று வையுங்கள். போனை 40 சென்டிமீட்டரில் பிடித்தால் மூக்குக்கு 40, காதுக்கு 52. அதாவது காதோடு ஒப்பிட்டால் மூக்கு முப்பது சதவீதம் பெரிசாக விழும். இரண்டு மீட்டர் தள்ளிப்போனால் 200-க்கும் 212-க்கும் உள்ள வித்தியாசம், வெறும் ஆறு சதவீதம். நேரில் நம்மைப் பார்க்கிறவர்கள் ஏறக்குறைய அந்தத் தூரத்திலிருந்துதான் பார்க்கிறார்கள். போனில்தான் எடுக்கவேண்டிய நிலைமை என்றால், கையை நீட்டி செல்ஃபி எடுக்காமல், பின்பக்கக் கேமராவை இன்னொருவர் கையில் கொடுத்து தள்ளி நிற்கச் சொல்லி, ஜூம் லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள். முகத்தை அழகாக்கும் பியூட்டி மோடு பல போன்களில் தானாகவே ஆனில் இருக்கும், அதை முதலில் அணையுங்கள்.

முதல் நூறு படம் வரை நான் படத்துக்கு போஸ் கொடுக்கிறவனாகத்தான் இருந்தேன். பதினோரு வருஷம் மேடையில் கடைசி வரிசைக்குத் தெரிகிற மாதிரி நடித்தவனுக்கு, இரண்டு மீட்டரில் இருக்கிற கேமராவுக்கு எவ்வளவு போதும் என்று தெரியவில்லை. புருவத்தைத் தூக்கினால் ராஜபார்ட். சிரித்தால் பேஸ்ட் விளம்பரம். பையன் கேமராவைக் கீழே வைத்துவிட்டு, இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டான், “ஆபீஸ்ல உங்களுக்கு ரொம்பக் கடுப்பேத்தற பார்ட்டி யாருண்ணே?” இருக்கிறார் ஒருவர், ஏழு மாசமாக பாக்கி, போன் எடுப்பதில்லை. “அவர் இப்ப இந்தப் படி ஏறி வந்துட்டார். உங்களைப் பாத்துட்டார். திட்டக் கூடாது, உங்க முதலாளியும் பக்கத்துல இருக்கார். மனசுக்குள்ள பேசுங்க, வாயைத் திறக்காதீங்க.”

பேசினேன். மனசுக்குள்ளே என்னென்னவோ பேசினேன். அவன் இட்லிக் கையோடு முப்பது படம் எடுத்துவிட்டான்.

வாத்தியாருக்கு வேறு: “நல்லாப் படிக்கிற பையன், பரீட்சைக்கு வரல. இன்னிக்கு செங்கல் சூளைல பாத்துட்டீங்க.” அப்பாவுக்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை, என் மகளைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டான், அவ்வளவுதான். எட்டரைக்கு நிழல் விலகிவிட்டது, மூட்டை கட்டினோம். மொத்தம் 340 படம்.

எது என் முகம் என்று நான் முடிவு செய்யவில்லை

அன்று சாயங்காலமே 340-ஐயும் காட்டினான். நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன், கம்பீரமாக இருந்தது. அவன் தலையை ஆட்டினான். “நல்ல படம்ணே, செத்தப்புறம் மாலை போட வெச்சுக்கலாம்.” கடைசியில் இருபது படத்தைப் பொறுக்கி, என்னைச் சரியாகப் பழக்கமில்லாத மூன்று பேருக்கு அனுப்பினோம், கேட்டது ஒரே கேள்வி: இந்த ஆள் இப்போது என்ன சொல்லப்போகிறார்? பதில் சட்டென்று வந்த படங்களை வைத்துக்கொண்டோம். “நல்லா இருக்கு” என்று மட்டும் பதில் வந்தவற்றைக் கழித்துவிட்டோம். மூன்று பேருமே பதில் சொன்ன படத்தில் தலை ஒரு இம்மி குனிந்திருக்கிறது, கண் நேராகப் பார்க்கிறது, தழும்பு தெரிகிறது, காலரில் ஒரு நூல் பிரிந்து நிற்கிறது. என் மனைவி எட்டிப்பார்த்து, “கரண்ட் பில் வந்த அன்னிக்கு எடுத்ததா?” என்றாள். சரி, அப்படியானால் இதுதான் படம் என்று ஆயிற்று.

எடிட்டுக்கு அவன் வைத்திருந்த விதி எனக்குப் பிடித்தது. அடுத்த வாரம் தானாகப் போய்விடும் பருவை அழிக்கலாம், அடுத்த மாசமும் முகத்தில் இருக்கப்போவதை அழிக்கக் கூடாது. சவரம் செய்தபோது பட்ட வெட்டு போனது. தழும்பு, கண் பை, ஏறிய நெற்றி எல்லாம் இருக்கின்றன.

அனுப்புகிற விதத்திலும் கற்றுக்கொண்டது உண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் தரம் அப்படியே போகும், ஆனால் கோஆர்டினேட்டர் அதைத் தனியாகத் தட்டித் திறக்கவேண்டும், அதற்கு அவருக்குப் பொறுமை கிடையாது. 2023 ஆகஸ்டிலிருந்து ஹெச்.டி. என்று ஒரு வசதி வந்துவிட்டது, அது போதும். பிரிண்டுக்குத்தான் 2400-க்கு 3000 பிக்சல் வேண்டும், 8-க்கு 10 அங்குலத்தில் போடுவதாக இருந்தால். நிற்கிற வடிவத்தில் வெட்டி, நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்து, அப்போதும் கண் தெரிகிறதா என்று சோதித்துவிட்டு அனுப்புகிறேன். படத்தின் அடியில் சின்னதாகப் பெயர், உயரம், போன் எண். ஏனென்றால் படம் மட்டும் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும், கூட எழுதிய விவரம் முதல் ஆளோடு நின்றுவிடும். இதை எங்கள் குழுவின் மூத்த நடிகரிடம் சொன்னபோது சிரித்தார். அவர் காலத்தில் பேப்பர் போட்டோவைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவார்களாம், பின்பக்கம் பெயரும் பி.பி. நம்பரும், அதாவது வீட்டில் போன் இல்லாதவர்கள் கொடுக்கிற தெரிந்தவர் போன் நம்பர். அந்த பி.பி. நம்பர் ஒரு மளிகைக் கடையுடையது, கடைக்காரர் லீவு போட்ட அன்றைக்கு வந்த ஒரு வாய்ப்பு போனது போனதுதான் என்றார்.

குழுவில் உள்ள பெண்கள் சொந்த எண்ணைப் படத்தில் போடுவதில்லை. தனி சிம் வைத்திருக்கிறார்கள், ஷூட்டுக்குத் துணை இல்லாமல் போவதில்லை. எனக்கு இல்லாத செலவு அது.

இன்னொன்று, சட்ட விஷயம். 2023 கடைசியில் பஸ்ஸில் போகும்போது அந்தப் பழைய ஸ்டுடியோவின் கண்ணாடி அலமாரியில், கோட் வாடகைக்குக் கிடைக்கும் என்ற போர்டுக்குப் பக்கத்தில், ஆளுயரத்துக்கு நான்! இறங்கிப் போய்க் கேட்டால் “போட்டோ எடுத்தவங்களுக்குத்தான் சார் ரைட்ஸ்” என்றார்கள். அமெரிக்காவில் பொதுவாக அப்படித்தான். நம்ம ஊரில் 1957-ம் வருஷத்து காப்பிரைட் சட்டம், 17-வது பிரிவு, வேறு மாதிரி சொல்கிறது: ஒருவர் காசு கொடுத்து, அவர் கேட்டதற்காக எடுத்த போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். ‘வேறு ஒப்பந்தம் இல்லாதவரை’ என்பதுதான் கொக்கி, பில்லின் பின்னால் பொடி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். என் பில்லில் ஒன்றும் இல்லை. வக்கீல் நண்பன் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன், பில்லைக் காட்டினேன், படத்தை எடுத்துவிட்டார்கள். எடிட் செய்யாத ஒரிஜினலைக் கேட்டேன், அழித்துவிட்டோம் என்றார்கள். அதற்கு மேல் சண்டை போடத் தெம்பில்லை. இரண்டாவது தடவை முதல் நாளே ஒரிஜினல் எல்லாவற்றையும் பென் டிரைவில் வாங்கிவிட்டேன்.

சரி, நடந்தது என்ன?

அடுத்த எட்டு மாசத்தில் 58 எண்களுக்கு அனுப்பினேன். 14 அழைப்பு. ஆடிஷன் வரை போனது 6. வேஷம் கிடைத்தது 3, அதில் ஒன்று எடிட்டிங்கில் போய்விட்டது. எல்லாம் போட்டோவால்தான் என்று சொல்லமாட்டேன், அதற்குள் நாலு பேருக்கு என்னைத் தெரிந்துவிட்டது, ஆடிஷனில் உளறுவதும் குறைந்திருந்தது. ஆனால் ஒன்று நிச்சயம், யாரும் தம்பியா என்று கேட்கவில்லை.

சொதப்பலும் உண்டு. அந்த 14-ல் ஐந்து அழைப்பு குடிகார அப்பா வேஷத்துக்கு. எனக்கு முதலில் புரியவில்லை, பிறகுதான் தெரிந்தது, மூன்று படத்தில் தாடியோடு இருப்பதை முதலில் அனுப்பிக்கொண்டிருந்தேன், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த படம். பார்க்கிறவர்கள் முதல் படத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இப்போது கேட்கிற வேஷத்துக்கு ஏற்ப வரிசையை மாற்றி அனுப்புகிறேன், என்ன வேஷம் என்று சொல்லாதவர்களுக்கு வாத்தியார் முதலில். அந்த மாற்றத்துக்குப் பிறகு கிடைத்ததுதான் ஒரு நாள் வேலை, பத்திரப் பதிவு ஆபீஸ் கிளார்க், இரண்டு வரி டயலாக், கையில் 2,500 ரூபாய். லொக்கேஷனில் காஸ்ட்யூம் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சார், நீங்க போட்டுட்டு வந்த சட்டையே இருக்கட்டும்” என்றார். காபிக் கலர் சட்டை.

அந்த 25 படத்தில் ஒன்று மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அருப்புக்கோட்டையில் அம்மா வீட்டுக் கூடத்தில், அப்பா படத்துக்குப் பக்கத்தில், பிரேம் போட்டு மாட்டியிருக்கிறாள்: புல்லட், கூலிங் கிளாஸ். வருகிறவர்களிடமெல்லாம் “எம் புள்ள சினிமாவுல இருக்கான்” என்று அதைத்தான் காட்டுகிறாள். போன பொங்கலுக்கு வாத்தியார் படத்தைப் பெரிசாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏன்டா, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டு பீரோவுக்குள் வைத்துவிட்டாள்.